மீசை டீச்சர் லைனில் இருக்கிறார்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதைச் சொன்னாலும் அதை நாலால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். கல்யாணமான புதிதிலேயே சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்துவிட்டாள். ஆகவே முப்பத்தொரு வருஷத்தில் நாலாயிரம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். என் மீசையைப் பார்த்து நாலு பேருந்துகள் சடன் பிரேக் போட்டு நின்றன என்று சொன்னால் ஒன்று. அந்த ஒன்று சத்தியமாக நின்றது.

மீசை அப்படி. ஒரு பக்கம் காக்கை உட்காரும், மறுபக்கம் அதன் குஞ்சு உட்காரும். இப்பேர்ப்பட்ட மீசையை வைத்துக்கொண்டு நான் விளையாட்டு வாத்தியார் வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். போன இடத்தில் தலைமை ஆசிரியை, "மழலையர் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க. ஒரு மூணு மாசம் மட்டும் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அந்த மூன்று மாதம் முப்பத்தொரு வருஷம் நீண்டது. பிரசவத்துக்குப் போனவர் பேரன் எடுத்துவிட்டார்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நாலு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் என் மீசையைப் பார்த்தார்கள். பிறகு முப்பது பேரும் ஒரே சுருதியில் அழுதார்கள். நான் மண்டியிட்டுப் பார்த்தேன், குட்டிக்கரணம் அடித்துப் பார்த்தேன், மீசையைக் கையால் மூடிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கே அழுகை வரும் நிலை. அப்போது அலமாரி மேல் ஒரு பழைய சிவப்புத் தொலைபேசி கண்ணில் பட்டது. அலுவலகத்தில் கழித்துப் போட்டது. வால் அறுந்த பல்லி போல வயர் அறுந்து கிடந்தது. வேறு வழி தெரியாமல் அதை எடுத்து மேஜைமேல் வைத்து, டயலைச் சுற்றி, "ஹலோ, பெரிய ஆபீசா? இங்க முப்பது பேர் அழறாங்க. என்ன பண்ணட்டும்?" என்று கத்தினேன்.

கத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பது போல நின்றேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, கேட்டது:

"என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வியில்தான் நான் டீச்சர் ஆனேன். சான்றிதழ் எல்லாம் பிறகு வாங்கியது.

அன்றிலிருந்து என் வகுப்பில் தினமும் பத்தரை மணிக்குப் போன் நேரம். புகார், சந்தோஷம், சந்தேகம் எது இருந்தாலும் பிள்ளைகள் வரிசையில் வந்து பெரிய ஆபீசுக்குப் போன் போடலாம். எதிர்முனையில் யார்? நான்தான். மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டி, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, கரும்பலகை டஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவேன். பிள்ளைகளுக்கு என் முதுகு தெரியும், என் குரலும் தெரியும், டஸ்டரும் தெரியும். இருந்தாலும் பேசுவது பெரிய ஆபீஸ்தான். அதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. வீட்டில்தான் குழப்பம். தினமும் ஒரு காது மட்டும் வெள்ளையாக வருகிற மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் என் மனைவி.

"ஹலோ, பெரிய ஆபீசா? இவன் என் மஞ்சக் கிரேயானைத் தின்னுட்டான்."

"அப்படியா சங்கதி! இதைச் சும்மா விடக்கூடாது! உடனே ஏழு யானை அனுப்பறேன்!"

"ஏழு வேணாம். கிளாஸ்ல எடம் இல்ல. ஒண்ணு போதும்."

"ஒண்ணு கிளம்பிடுச்சு! கிரேயான் தின்னவர் கிட்ட, அது என்ன ருசின்னு கேட்டுச் சொல்லுங்க!"

இப்படி. எல்லாப் புகாருக்கும் யானைதான் தீர்வு. முப்பத்தொரு வருஷத்தில் நான் அனுப்பிய யானைகளை வரிசையாக நிறுத்தினால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி வரும். வகுத்தால் அரைச் சுற்று. அதுவே பெரிது இல்லையா?

நான் தண்ணீர் குடிக்க வெளியே போய் மூன்று நிமிஷத்தில் திரும்பி வருவேன். ஏதோ போரில் ஜெயித்துவிட்டுப் பதினாறு வருஷம் கழித்து ஊர் திரும்பியவனைப் போல முப்பது பேரும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். எந்த ராஜாவுக்கு இது வாய்த்தது? தண்ணீர் குடித்ததற்கு வரவேற்பு! எனக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை தாகம் எடுத்ததன் ரகசியம் இதுதான்.

என் கடைசி வகுப்பில் மூன்று பேரை மட்டும் அறிமுகம் செய்கிறேன். ஒருவன் புல்டோசர். கதவு திறந்திருந்தாலும் சுவரில் மோதிவிட்டுத்தான் உள்ளே வருவான். இன்னொருத்தி வக்கீல். நான் "எல்லாரும் உட்காருங்க" என்றால், "நீங்க மட்டும் ஏன் நிக்கறீங்க?" என்று கேட்பாள். மூன்றாவது, மௌனச்சாமி.

மௌனச்சாமி ஒரு குட்டிப் பெண். இரண்டு சடை, பெரிய கண்கள், வாய் மட்டும் பூட்டு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாளாம். அவள் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒரு சொல் வராது. ஏழு மாதம். வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். போன் நேரத்தில் தவறாமல் வரிசையில் நிற்பாள். முறை வந்ததும் டயலைச் சுற்றுவாள், ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வாள், பேசமாட்டாள். எனக்கு முதுகுப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"ஹலோ... ஓ, நீங்களா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்றேன். மூணாவது யானைக்கு ஜலதோஷம். கைக்குட்டை தேடறோம், கிடைக்கல. பெட்ஷீட்தான் குடுத்திருக்கோம். நாளைக்கு எப்படியிருக்குன்னு சொல்றேன்."

அவள் முழுதும் கேட்டுவிட்டு, ரிசீவரைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாக வைத்துவிட்டுப் போவாள். ஏழு மாதம் நான் அந்த யானைக் குடும்பத்தின் சளி, பல்வலி, கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். ஒரு "உம்" கூட வாங்க முடியவில்லை. இதற்கிடையில் என் பிறந்த தேதி வந்து, வருஷத்தின் நடுவிலேயே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கடைசி நாள் நான் ஒரு பெரிய காட்சியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். இரண்டு கைக்குட்டை எடுத்துப்போனேன். ஒன்று எனக்கு, ஒன்று பொதுவுக்கு.

"நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்" என்று குரலைத் தழுதழுக்க வைத்துச் சொன்னேன்.

"ஏன்?" என்றான் புல்டோசர்.

"எனக்கு வயசாயிடுச்சுடா."

"அப்ப எங்க போவீங்க?"

"வீட்டுக்கு."

வக்கீல் எழுந்தாள். "உங்க வீட்டுல போன் இருக்கா?"

"இருக்கே."

"அப்பச் சரி" என்றாள். அவ்வளவுதான். முப்பது பேரும் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். மௌனச்சாமி மட்டும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் ஊஞ்சலுக்குப் போய்விட்டாள்.

அப்பச் சரி! முப்பத்தொரு வருஷத்துக்கு ரசீது, இரண்டு சொல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பிள்ளைங்க அழுத அழுகையில தரையெல்லாம் ஈரம். தலைமை ஆசிரியை வழுக்கி விழப் பாத்தாங்க, நான்தான் தாங்கிப் பிடிச்சேன்" என்றேன். அவள் என் சட்டைப் பையிலிருந்த இரண்டு கைக்குட்டைகளையும் எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தன. பூஜ்யத்தை நாலால் வகுத்தாலும் பூஜ்யம்தான்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். உண்மையைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏங்க, நாலு வயசுப் பிள்ளைங்க. ஒரு வாரத்துல மறந்துடும். அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சுக்கறீங்க? நான் முப்பது வருஷமா ஊசி போடறேன். ஒருத்தராவது திரும்பி வந்து, 'அந்த ஊசி சிஸ்டர் எங்க, பாக்காம இருக்க முடியல'ன்னு கேட்டிருக்காங்களா?"

"ஊசியும் நானும் ஒண்ணா? பாத்துட்டே இரு. நாளைக்கே முப்பது பேரும் காய்ச்சல்ல படுப்பாங்க. உன் ஆஸ்பத்திரியிலதான் கட்டில் பத்தாம போகும்."

"முப்பது வேணாம். ஒண்ணு. பத்து நாளைக்குள்ள ஒரே ஒரு பிள்ளை, 'மீசை டீச்சர் எங்க'ன்னு கேட்டாப் போதும். நான் ஒத்துக்கறேன்."

"கேக்கலேன்னா?"

அவள் என் முகத்தின் நடுப்பகுதியைப் பார்த்தாள். "அதை எடுத்துடணும். முப்பத்தஞ்சு வருஷமா குத்துது."

ரோஷத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன். சாட்சியாக, எனக்குப் பதில் வந்திருக்கும் புது டீச்சரையே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. யாராவது கேட்டால் அவர் என் கைபேசிக்குச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கைபேசி அடிக்கவில்லை. இரண்டாம் நாள் அடித்தது. மின்கட்டணம் பற்றி ஒரு இயந்திரம் பேசியது. அதனிடமே, "யாராவது என்னைக் கேட்டாங்களா?" என்று கேட்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து எனக்குக் கை நமநமக்க ஆரம்பித்தது. வீட்டிலுள்ள செருப்புகளை உயர வரிசையில் நிறுத்தி வருகைப் பதிவு எடுத்தேன். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் வேலையை அழகாக முடித்ததும், கை தானாகப் பைக்குள் போய், ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்து அவர் புறங்கையில் ஒட்டி, "வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றது. கை தட்ட நான் மட்டும்தான் இருந்தேன். மறுநாள் காலையில் பிளம்பர் அழைக்காமலே வந்து நின்றார்.

"என்னப்பா, திரும்பவும் ஒழுகுதா?"

"இல்ல சார்... நேத்து ரெண்டு குழாய் மாத்தினேன். ஒரு ஸ்டார்தான் குடுத்தீங்க."

ஐந்தாம் நாள் வங்கிக்குப் போனேன். வரிசை கோணலாக இருந்தது. பொறுக்குமா எனக்கு? "முன்னாடி நிக்கறவங்க தோளைப் பிடிங்க! ரயில் கிளம்பப் போகுது!" என்று ஒரு குரல் கொடுத்தேன். நாற்பது பேர் தோளைப் பிடித்துக்கொண்டு "கூ" என்றார்கள். சரி, பத்துப் பேர். அதில் ஒருவர் மேனேஜர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு நாள்" என்று சொல்லிவிட்டு, புது ஷேவிங் ரேசர் ஒன்றை வாங்கிக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அது ஒவ்வொரு காலையும் என்னைப் பார்த்து மின்னியது.

உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? மீசை போனால் முளைக்கும். எனக்குப் பயம் வேறு. முப்பத்தொரு வருஷமாக அந்த ஓட்டமும் காலைக் கட்டிக்கொள்வதும் எனக்காக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அப்படித்தான் ஓடிவருவார்களோ? கண்ணாடி போட்ட அந்தப் புது டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார். அவ்வளவுதான், கதை முடிந்திருக்கும்.

பத்தாம் நாள் காலை. கைபேசி ஊமை. நான் பள்ளிக்கூடத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்த குடை நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு அவசரம் வரும் என்று தெரிந்துதான் விட்டிருந்தேன்.

"குடையை எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

மனைவி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அவளுக்கு அன்று மதிய ஷிப்ட். "போயிட்டு வாங்க" என்றாள். குரல் கொஞ்சம் இளகினாற்போல் இருந்தது. ரேசரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பத்தே காலுக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் புது டீச்சரைப் பிடித்தேன். சின்னப் பெண். கையில் முப்பது தண்ணீர் பாட்டில்களின் மூடிகளை வைத்துக்கொண்டு எது எதற்கு என்று தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கியாம்மா? பிள்ளைங்க படுத்தறாங்களா?"

"ஐயோ இல்ல சார், சமத்து. ரொம்பச் சந்தோஷமா இருக்காங்க."

சந்தோஷமா! ஒரு ஊசி.

"என்னை... யாராவது... சும்மா பேச்சுவாக்குல... மீசை டீச்சர் எங்கேன்னு..."

அவர் உண்மையாகவே யோசித்தார். எனக்காக மனசைத் துழாவித் தேடினார் பாவம். "இல்லையே சார். ஒருத்தர்கூடக் கேக்கல."

"நல்லது, நல்லது" என்றேன். "பிள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கணும்." இதை நான் நாலால் பெருக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

மணி அடித்தது. அவர் மூடிகளோடு உள்ளே போய்விட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு வராந்தா வழியே நடந்தேன். ஒரு கடைசிப் பார்வை பார்த்துவிட்டுப் போகலாமே. மழலையர் வகுப்பு ஜன்னல்கள் பிள்ளைகள் உயரத்துக்கு வைத்தவை. பெரியவர்கள் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் தவளை போலக் குந்த வேண்டும். குடையை ஊன்றிக் குந்தினேன். முழங்கால் இரண்டும் பட்டாசு வெடித்தன.

குந்திய அதே நொடியில் வகுப்புக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

என் குரல்! நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். கையால் தொட்டே பார்த்தேன், மூடித்தான் இருந்தது.

"அப்படியா சங்கதி! இதைச் சும்மா விடக்கூடாது!"

எட்டிப் பார்த்தேன். மேஜை அருகே பிள்ளைகள் வரிசை. புல்டோசர் சிவப்பு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மூன்றடி தள்ளி, குட்டி ஸ்டூலில், முதுகைக் காட்டி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது. காதில் டஸ்டர். இரண்டு சடை. தலையைச் சற்றுத் திருப்பியபோது, மேலுதட்டிலிருந்து காது வரைக்கும் கறுப்புக் கிரேயானால் வரைந்த ஒரு மீசை தெரிந்தது. என் மீசையைவிடப் பெரிது. காக்கை, குஞ்சு, அதன் மாமியார் எல்லாம் உட்காரலாம்.

மௌனச்சாமி.

"மீசை டீச்சர், என் முட்டியில ரத்தம் வந்துச்சு. ஆனா நான் அழல. கொஞ்சம்தான் அழுதேன்" என்றான் புல்டோசர்.

"அப்படியா சங்கதி!" மௌனச்சாமி குரலை அடித்தொண்டையிலிருந்து எடுத்தாள். "செவுரு நல்லா இருக்கா? செவுத்துக்கு அடி ஒண்ணும் படலியே?"

"செவுரு நல்லா இருக்கு."

"மூணாவது யானை மருந்து எடுத்துட்டு வருது! அதுக்கு ஜலதோஷம் சரியாயிடுச்சு! அடுத்தவங்க பேசுங்க!"

இந்தப் பகுதியை நீங்கள் வகுக்க வேண்டாம். குந்திய நிலையிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டை எடுத்து வரவில்லை. எடுத்துப்போன அன்று வராத அழுகை இன்றைக்கு வந்தால் என்ன செய்வது? குடைத் துணியில் துடைத்துக்கொண்டேன். ஏழு மாதம் அந்தப் பிள்ளை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது என்று நினைத்தேனே! ஒரு வார்த்தை சிந்தாமல் அத்தனையையும் வாங்கி வைத்திருக்கிறாள். என் இழுவை, என் இருமல், யானையின் ஜலதோஷம் உட்பட.

அழுகை மூக்குக்கு வந்தது. நான் மூக்கைச் சிந்தினேன். என் மீசையைப் போலவே என் மூக்கும். ரயில் நிலையத்தில் சிந்தினால் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

முப்பது தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின.

நான் குந்தியபடியே இரண்டு கைகளையும் விரித்தேன். இதோ, இப்போது, ஓடி வருவார்கள், காலைக் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவு நேரம் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் அல்லவா!

ஒருவர்கூட நகரவில்லை. எல்லோர் முகத்திலும் திகில். வக்கீல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"டீச்சர்! நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"உங்களைப் பாக்கத்தாண்டா கண்ணு..."

"நீங்க இங்க வந்துட்டா அங்க போனை யாரு எடுப்பாங்க?"

"எந்தப் போனை?"

அவள் பெருமூச்சு விட்டாள். பெரியவர்களுக்கு விளக்குவதில் உள்ள கஷ்டம் அந்த மூச்சில் தெரிந்தது. "உங்க வீட்டுப் போனை! நாங்க இதுல பேசறோம். நீங்க வீட்டுல எடுக்கறீங்க. நீங்க சொல்றதை இவ டஸ்டர்ல கேட்டு எங்களுக்குச் சொல்றா. பத்தரை மணிக்கு நீங்க வீட்டுல இருக்கணும்ல?"

"போங்க டீச்சர்! ரிங் போயிட்டே இருக்கும்!" என்று புல்டோசர் கத்தினான். "ஓடுங்க!"

"ஓடுங்க! ஓடுங்க!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

புது டீச்சர் ஓடிவந்தார், கையில் இன்னும் நாலு மூடிகள். "சார், நீங்களா! அப்பவே சொல்லணும்னு நினைச்சேன், மணி அடிச்சுடுச்சு. அந்தப் பொண்ணு நீங்க போன மறுநாள்லேர்ந்து பேசறா. பத்தரையிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும். உங்க குரல்ல மட்டும். அவங்கம்மா நேத்து இதே ஜன்னல்ல நின்னு அழுதுட்டுப் போனாங்க."

"நீ போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க 'எங்கேன்னு கேட்டாச் சொல்லு'ன்னுதானே சார் சொன்னீங்க? இவங்க யாரும் எங்கேன்னு கேக்கலையே. நீங்க எங்க இருக்கீங்கன்னு இவங்களுக்குத் தெரியுமே."

அதற்குள் மௌனச்சாமி ஸ்டூலை விட்டு இறங்கி ஜன்னலுக்கு வந்திருந்தாள். கிரேயான் மீசையில் ஒரு பக்கம் கன்னத்தில் இழுபட்டிருந்தது. ஒரு காது முழுக்க வெள்ளை. டஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"டீச்சர்" என்றாள். என் குரல் இல்லை. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த, அவளுடைய சொந்தக் குரல். முதல் தடவை.

"சொல்லு கண்ணு."

"நேத்து நீங்க ரொம்ப மெதுவாப் பேசினீங்க. சரியாவே கேக்கல. நாளைக்குச் சத்தமாப் பேசுங்க."

"சரிங்க" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சொல் அதுவரை வந்ததில்லை.

பிறகு ஓடினேன். அறுபது வயதில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விட்ட பேருந்தைப் பிடிக்கிறவன் போல ஓடினேன். வழியில் நாலு நாய்கள் துரத்தின. சரி, ஒன்று. அதுவும் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். யானை, டஸ்டர், கிரேயான் மீசை, "ஓடுங்க ஓடுங்க", கடைசியில் அந்த "சத்தமாப் பேசுங்க". அவள் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூட வகுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று காலர் கருகும் வாசனை வந்தபோதுதான் திடுக்கிட்டுத் தூக்கினாள்.

பிறகு நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள். "ஆனா, பந்தயம் பந்தயம்தான். 'எங்க'ன்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"நேர்ல போனவரை விரட்டி வேற விட்டிருக்காங்க."

"ஆமாம்."

"அப்ப யார் ஜெயிச்சது?"

"நீதான்" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் தோற்றிருக்க மாட்டார்கள். நேரே குளியலறைக்குப் போய், முகத்தில் சோப்பு நுரையை அப்பி, ரேசரை எடுத்தேன். மீசைக்கு ஒரு வணக்கமும் சொல்லியாயிற்று. இடது பக்கம் வைக்கப் போகும்போது கையைப் பிடித்தாள்.

"இருங்க."

"என்ன?"

"அந்தப் பொண்ணு தினமும் கிரேயான்ல வரைஞ்சுக்கறாளே. எதைப் பாத்து வரையறாளாம்? என்னைக்காவது ரோட்டுல நீங்க மொழுமொழுன்னு வந்து நின்னா அவ அதையும் அழிச்சுடுவா. அப்புறம் பேசுவாளோ மாட்டாளோ." ரேசரை வாங்கி, தண்ணீரில் கழுவி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு ஆகும். நீங்க மூஞ்சியைக் கழுவுங்க."

மறுநாள் பத்து இருபத்தைந்துக்கே நான் கூடத்து நாற்காலியில், சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் டஸ்டர் கிடையாது. கைபேசியை எடுத்தால் அது வேறு லைன். தவித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. துணி துவைக்கும் பிரஷ். புதுசு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

மணி பத்தரை.

"அப்படியா சங்கதி!" என்று ஆரம்பித்தேன். "ஏழு யானையும் கிளம்பியாச்சு! மூணாவது யானை முன்னாடி வருது!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. நான் குரலைத் தணித்தேன்.

"ஏங்க!" என்று சமையலறையிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. "இன்னும் சத்தமா! அந்தப் பொண்ணுக்குக் கேக்க வேணாமா?"